சிவப்புப் புள்ளி வைத்த சாமான்

அந்த வீட்டில் நாற்காலியில் சாய்ந்து உட்காருவது துணிச்சலான காரியம். வீட்டுக்காரர்கள் அந்தத் துணிச்சலுக்குப் போவதில்லை. நுனியில் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, இரண்டு கால்களையும் தரையில் அழுத்தி ஊன்றி, எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாராக இருப்பவர்கள் மாதிரிதான் பேசுவார்கள், சாப்பிடுவார்கள், செய்தி கேட்பார்கள். பார்ப்பவர்கள் பணிவு என்று நினைத்துக்கொள்வார்கள். பணிவு இல்லை. பின்கால் இல்லை.

மகளைப் பெண் கேட்டு முதலில் வந்த கூட்டத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருவர் இருந்தார். நல்ல ஆகிருதி. ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே சாய்ந்தார். அதற்கப்புறம் அவர் சிரித்து இந்த வீட்டில் யாரும் பார்க்கவில்லை. அந்தச் சம்பந்தம் அவருடைய இடுப்போடு சேர்ந்து முறிந்தது. இரண்டாவது கூட்டத்தில் வந்த ஒரு சித்தி குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அந்தத் தாழ்ப்பாள் போட வரும், எடுக்க வராது. ஆகவே வீட்டில் யாரும் போடுவதில்லை. உள்ளே இருப்பவர் பாடவேண்டும், பாட்டுச் சத்தம் கேட்கிறவரை மற்றவர் அந்தப் பக்கம் போகக்கூடாது, அதுதான் ஏற்பாடு. சித்திக்கு இதை யாரும் சொல்லி வைக்கவில்லை. கதவைப் பெயர்த்து வெளியே எடுத்தபோது அவள் பேசிய பேச்சை அவள் வயதுக்கு மரியாதை கொடுத்து இங்கே விட்டுவிடலாம்.

இத்தனைக்கும் வீட்டுக்காரர் ஏழை இல்லை. ஊரிலேயே பெரிய வீட்டுச்சாமான் கடைக்கு முதலாளி. வாளி, அண்டா, நாற்காலி, ஏணி, அடுப்பு, பீரோ என்று ஒரு குடும்பம் புதிதாகக் குடித்தனம் போட என்னவெல்லாம் வேண்டுமோ அத்தனையும் அங்கே கிடைக்கும். சைக்கிளின் பின்னால் வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கட்டி, தெருத்தெருவாகக் கூவி விற்று மேலே வந்த மனிதர். கடைக்கு மேலே ஆள் உயரத்துக்குப் பேர்ப்பலகை மாட்டி வைத்திருந்தார். ஊர் அதை ஒருநாளும் படிக்கவில்லை. இப்போதும் அவர் வாளிக்காரர்தான்.

வாளிக்காரர் மேலே வந்தது ஒரே ஒரு பிடிவாதத்தால். கடையை விட்டு வெளியே போகும் சாமானில் குற்றம் இருக்கக்கூடாது. லாரியில் சரக்கு வந்து இறங்கினால் ஒவ்வொன்றையும் தானே எடுத்து, விரல் முட்டியால் தட்டி, காதருகே வைத்துக் கேட்பார். வைத்தியர் நெஞ்சில் தட்டிப் பார்ப்பது மாதிரி இருக்கும். கீறல், கோணல், ஆட்டம் எதுவாக இருந்தாலும் சத்தத்தில் தெரிந்துவிடும். தெரிந்தால் அடியில் சிவப்பு பெயிண்டால் ஒரு புள்ளி. புள்ளி வைத்தது மூலைக்குப் போகும். மூலையிலிருந்து சாயந்தரம் வீட்டுக்குப் போகும்.

"வாங்குறவன் காசு குடுத்து வாங்குறான், அவனுக்கு முழுசாப் போகணும்," என்பார். "நாம நம்ம வீட்டுல அனுசரிச்சுக்கலாம். நம்மளை யாரு கேக்கப் போறா?"

இன்னொரு குணமும் உண்டு. இதில் குற்றம் ஏதாவது இருக்கா என்று வாய் திறந்து கேட்டுவிட்டால் போதும், மறைக்கமாட்டார். வாடிக்கையாளர் கவனிக்காத குற்றத்தையும் சேர்த்துச் சொல்லி, சாமானைத் திரும்ப உள்ளே எடுத்துவைத்துவிடுவார். ஊரே அவரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது. அவர் வீட்டில்தான் கண்ணைத் திறந்துகொண்டு நடக்கவேண்டியிருந்தது.

வாளியை அடியில் கை கொடுத்துத்தான் தூக்கவேண்டும், கைப்பிடி கையோடு வந்துவிடும். பீரோவை மடித்த காகிதம் கொடுத்து மூடவேண்டும். மின்விசிறிக்கு ஒரே வேகம்தான், படுத்திருப்பவன் போர்வையைப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பும் வேகம். மூத்தவன், அதாவது மகன், வேலை கிடைத்து வெளியூர் போனதும் முதல் காரியமாகப் போன் போட்டுச் சொன்னான்: "அம்மா, இங்க கதவு தள்ளுனா மூடிக்குதும்மா." அம்மா அதைக் கேட்டு அழுதுவிட்டாள். சந்தோஷத்தில்தான். அவன் தன் குடித்தனத்துக்கு ஒரு கரண்டிகூட அப்பா கடையில் வாங்கவில்லை. அப்பா அதை எதிரி கடைக்காரனின் சதி என்று முடிவு கட்டிக்கொண்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தை அடுப்படியில் இருந்தது. கேஸ் அடுப்பின் திருகுகள் இரண்டும் திறந்தபடி இறுகிப்போனவை. ஆகவே அடுப்பு, அடுப்பில் அணையாது. கீழே சிலிண்டரில்தான் அணையும். பற்றவைக்கும்போது முதலில் தீக்குச்சியைக் கிழித்து அடுப்பருகே நீட்டிக்கொள்ளவேண்டும், அப்புறம் மற்றக் கையால் குனிந்து சிலிண்டரைத் திறக்கவேண்டும். முடிந்ததும் குனிந்து சிலிண்டரை மூடவேண்டும். திருகுகளை யாரும் தொடுவதில்லை, அழகுக்கு இருந்தன. எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொஞ்சம் கசியும். நல்லவேளையாக அடுப்படி ஜன்னலும் சிவப்புப் புள்ளி ஜன்னல், எந்தக் காலத்திலும் முழுதாக மூடியதில்லை. அந்த வழியாகக் கசிந்தது போய்விடும். அம்மாவுக்கு அந்த வாசம் பழகி, வாசமே வராவிட்டால்தான் கவலைப்படுவாள். "கேஸ் தீந்துபோச்சு போலிருக்கே," என்பாள்.

மகள் இந்த வீட்டில் பிறந்து இருபத்தொன்பது வயதுவரை வளர்ந்தவள். இடது முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு, விசில் சரியில்லாத குக்கர் போட்ட கையெழுத்து. அம்மாவுக்கு முழங்கால் வலி வந்ததிலிருந்து வீட்டோடு இருக்கிறாள். அவளுக்குக் கல்யாணத்தில் இருந்த ஆசை மற்றப் பெண்களுக்கு இருக்கும் ஆசை இல்லை. மாப்பிள்ளை எப்படி இருந்தாலும் சரி, குழாயை மூடினால் தண்ணீர் நிற்கிற வீடாக இருக்கவேண்டும். இந்த வீட்டை விட்டு வெளியே போகவேண்டும். அவ்வளவுதான். அதற்கு மூன்றாவது வாய்ப்பு வந்திருந்தது. இதுவும் போனால் நான்காவது வராது என்று தரகர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டுப் போயிருந்தார். வாளிக்காரர் வீட்டுக்குப் போனால் எலும்பு மிஞ்சாது என்று வெளியே பேச்சாம்.

மாப்பிள்ளை பக்கத்து ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தான். அப்பா இல்லை. அம்மாவும் பிள்ளையும்தான். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் வாளிக்காரர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக வளைந்து கொடுத்தார்.

"ஒரு நாளைக்கு மட்டும் கடைச் சாமான் வரும்," என்றார். "நாளன்னிக்குக் காலையில எல்லாம் திரும்பிப் போயிடணும். கீறல் படக்கூடாது, கறை படக்கூடாது. பாலித்தீன் உறையைக் கிழிக்காம கழட்டணும், திரும்ப மாட்டணும்."

"ஏங்க, உக்காரலாமா, இல்ல அதுவும் கூடாதா?" என்றாள் அம்மா.

"வர்றவங்க உக்காரலாம்," என்றார், கேள்வியை முறையான கேள்வியாகவே எடுத்துக்கொண்டு.

கடையில் சாமான் பொருத்தித் தரும் ஆள் வந்து சேர்ந்தார். அவரை ஊரில் எல்லோரும் திருப்புளி என்று கூப்பிடுவார்கள். எந்நேரமும் சட்டைப்பையில் அந்த ஸ்க்ரூ டிரைவர்தான் இருக்கும், சமயத்தில் அதை வைத்தே காதும் குடைவார். ஒரே பகலில் குளியலறைக்குப் புதுத் தாழ்ப்பாள், பீரோவுக்குப் பூட்டு, அடுப்படி ஜன்னலுக்குக் கொக்கி எல்லாம் போட்டுவிட்டார். ஜன்னல் முதல்முறையாக இழுத்த இழுப்புக்கு மூடிக்கொண்டது. கடைசியில், மேலே கறுப்புக் கண்ணாடி பதித்த புது அடுப்பைக் கொண்டுவந்து வைத்தார். வருகிறவள் மாமியாராகப் போகிறவள், அடுப்படியை எட்டிப் பார்க்காமல் போகமாட்டாள் என்பது வாளிக்காரர் கணக்கு.

"அக்கா, இங்க பாருங்க. குச்சியும் வேணாம், குனியவும் வேணாம். திருகை அமுக்கித் திருப்புனா தானாப் பத்திக்கும். திரும்ப இந்தப் பக்கம் திருப்புனா அணைஞ்சிடும். சிலிண்டர் பாட்டுக்குத் திறந்தே கிடக்கட்டும்."

"திறந்தே கிடக்குமா?"

"கிடக்கட்டும்க்கா. மேல மூடுனா மூடுனதுதான். இது நல்ல அடுப்பு."

அம்மா திருகைத் திருப்பினாள். நீலமாக வட்டம் கட்டி எரிந்தது. மறுபடி திருப்பினாள், அணைந்தது. இன்னொரு தடவை திருப்பினாள்.

"போதும்க்கா, விளையாட்டுச் சாமானா அது," என்றார் திருப்புளி.

"எனக்கு அப்படித்தான் இருக்கு," என்றாள் அம்மா.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மகள் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். வாளிக்காரரும் அம்மாவும் மகளும் புது நாற்காலிகளில் வழக்கம்போல் நுனியில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை வந்தான், கும்பிட்டான், உட்கார்ந்தான், சாய்ந்தான். அவ்வளவு சாதாரணமாக. முதுகு முழுவதையும் நாற்காலியிடம் ஒப்படைத்துவிட்டு, கையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, காலைக்கூட லேசாக நீட்டினான். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலி தாங்கியது. ஒரு ஆண்பிள்ளை சாய்ந்து உட்கார்ந்திருப்பதைத் தன் வீட்டில் அவள் அன்றுதான் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

எதிர்பார்த்தபடியே அவன் அம்மா எழுந்து சுற்றிவந்தாள். பீரோவைத் திறந்து மூடினாள். அடுப்படியை எட்டிப் பார்த்தாள். "பொருளை எப்படி வச்சிருக்கீங்க, நேத்து வாங்குன மாதிரி," என்று மெச்சினாள். வாளிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கேட்கவில்லை, மெச்சத்தானே செய்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

"உங்களுக்கு ஏதாவது கேக்கணும்னா கேளுங்க," என்றான் மாப்பிள்ளை மகளிடம்.

மகள் கொஞ்சம் யோசித்தாள். "உங்க வீட்டுக் குழாய் சொட்டுமா?"

அவன் அம்மா திரும்பிப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. கேள்வியை வைத்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தான்.

"போன வருஷம் சொட்டுச்சு," என்றான். "வாஷர் மாத்திட்டேன்."

மகளுக்கு அந்த இடத்தில் முடிவாகிவிட்டது. எழுந்து டீ போடப் போனாள். திருகைத் திருப்பினாள், பற்றிக்கொண்டது. திருப்பினாள், அணைந்தது. உலகத்தில் பாதிப் பேர் இப்படித்தான் வாழ்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"எங்களுக்குப் பிடிச்சிருக்கு சம்பந்தி," என்று சொல்லிவிட்டுத்தான் மாப்பிள்ளையின் அம்மா வாசல்படி இறங்கினாள். "நாள் குறிச்சுக்கிட்டு வர்றோம்."

அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் வாளிக்காரர் நாற்காலிகளுக்கு உறை மாட்ட ஆரம்பித்துவிட்டார். அம்மா அவர் பின்னாலேயே நடந்தாள்.

"என்னங்க."

"ம்."

"எல்லாம் போகட்டும். அந்த அடுப்பு மட்டும் இருக்கட்டுமே."

"அது விக்கிற அடுப்பு."

"தெரியும். முழங்கால் முடியல. ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு குனிஞ்சு எந்திரிக்கணும். நாள் குறிக்கிறவரைக்கும் இருக்கட்டும். அவங்க திரும்ப வருவாங்க இல்ல? அந்தம்மா அடுப்பைப் பாத்துட்டுப் போயிருக்கு."

வாளிக்காரர் உறையைப் பிடித்தபடி நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு சாமானும் கேட்டதில்லை. வந்ததை வைத்துக்கொண்டு ஓட்டினாள். வாய் திறந்து கேட்டது இதுதான் முதல் தடவை. கடைக்காரர் மூளை அதில் ஒரு நியாயத்தையும் கண்டுபிடித்துக்கொண்டது. அந்தம்மா திரும்ப வரத்தான் போகிறாள்.

"சரி. துடைச்சு வச்சுக்க," என்றார்.

அன்று சாயந்தரம் அம்மாவே சமைத்தாள், மகளைக் கிட்டவே விடவில்லை. பாட்டுக்கூடப் பாடினாள், குளியலறைக்கு வெளியே அவள் பாடி யாரும் கேட்டதில்லை. சமையல் முடிந்தது. கடைசியாக எரிந்த அடுப்பைத் தணித்து வைத்துப் பாலைச் சுட வைத்திருந்தாள். பால் சுட்டதும் அணைக்கவேண்டும். அந்த நேரத்தில் அவள் திருப்புளி சொன்னதை மறந்தாளா, நினைத்துக்கொண்டே இருந்தாளா என்பது தெரியாது. கை நினைக்கவில்லை. கை அதன் பாட்டுக்குக் கீழே போனது. குனிந்து சிலிண்டரை மூடினாள். சுடர் அணைந்தது. மேலே திருகு பாதி திறந்தபடி நின்றது. அந்த வீட்டில் திருகைப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை.

கடையை அடைக்குமுன் ஒரு சுற்று பார்த்துவிட்டு வருவது மாதிரி, வீட்டிலும் படுக்குமுன் ஒரு சுற்று பார்ப்பது வாளிக்காரர் வழக்கம். அடுப்படிக்கு வந்தார். புதுக் கொக்கி போட்ட ஜன்னல் நன்றாக மூடியிருந்தது. சிலிண்டர் மூடியிருந்தது. நல்ல அடுப்பு வாங்கித் தந்தும் இவள் குனிந்து மூடியிருக்கிறாளே என்று நினைத்தார். காலையில் மறுபடி குனிந்து திறக்கவேண்டும். வாடிக்கையாளர்களிடம் அவரே நூறு தடவை சொன்ன வசனம்தான், மேலே மூடினால் மூடினதுதான். அவள் குனியவேண்டாம் என்று அவரே குனிந்து சிலிண்டரைத் திறந்துவைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

அவளுக்கென்று அவர் குனிந்தது அந்த ஒரு தடவைதான்.

காலையில் மகள் குளித்துக்கொண்டிருந்தாள். புதுத் தாழ்ப்பாள் இருந்தும் பழக்கம் விடாமல் பாடிக்கொண்டிருந்தாள். அம்மா எழுந்து அடுப்படிக் கதவைத் திறந்திருப்பாள். வாசம் வந்திருக்கும். அவளுக்கு அது தினமும் வரும் வாசம்தான். சிலிண்டர் மூடியிருக்கிறது என்று நினைத்திருப்பாள், மூடியது அவள்தானே. முதலில் குச்சியைக் கிழித்திருக்கிறாள். அந்த வீட்டில் எப்போதும் அதுதான் முதலில்.

மகளின் பாட்டு பாதியில் நின்றது. சுவர் ஒரு தரம் அதிர்ந்து அடங்கியது. தாழ்ப்பாளில் கை வைத்தாள். தொட்டதும் திறந்துகொண்டது, ஒரு சத்தமும் இல்லாமல், வெண்ணெய் மாதிரி.

ஆஸ்பத்திரியில் அம்மா இரண்டு நாள் இருந்தாள். கட்டுப் போடாத இடம் கொஞ்சம்தான். பேச்சு வந்தபோது மகளைக் கிட்டே கூப்பிட்டாள்.

"அடுப்புக்கு ஒண்ணும் ஆகலையே?"

"அது கிடக்கட்டும்மா."

"இல்ல, கடைக்குத் திருப்பணும். அப்பா கீறல் படக்கூடாதுன்னாரு."

"ஒண்ணும் ஆகலம்மா. நல்லா இருக்கு."

அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடினாள். அப்புறம் திறக்கவில்லை.

விசாரிக்க அதிகாரி வந்தார். உறவுக்காரர்கள் எல்லாரும் ஒருவர் மாற்றி ஒருவர் தெரியாது தெரியாது என்று சொல்லிக்கொண்டிருக்க, வாளிக்காரர் எழுந்து நின்று, சாமானின் குற்றத்தைச் சொல்வதுபோல ஒழுங்காகச் சொன்னார்.

"சிலிண்டரை நான்தான் சார் திறந்து வச்சேன். அவளுக்கு முழங்கால் வலி. மேல திருகு திறந்திருக்கிறதை நான் பாக்கல."

"அடுப்புல ஏதாவது கோளாறா?"

"அடுப்புல குத்தமில்ல சார்," என்றார் அவசரமாக. "அதை எழுதிக்குங்க. நல்ல அடுப்பு. நாங்கதான் பழகல."

அதைச் சொல்லும்போது மட்டும்தான் அவர் குரல் உடைந்தது. எதற்காக உடைந்தது என்று மகளுக்குப் புரியவில்லை.

துக்கம் கேட்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மகன் வந்து சடங்கெல்லாம் முடித்துத் திரும்பிப் போய், வீடு அடங்கியிருந்த நேரம். நாள் குறிக்க வரவேண்டியவர்கள். பீரோ பூட்டும் புது நாற்காலிகளும் கடைக்குத் திரும்பி, கூடத்தில் பழைய நாற்காலிகள் வந்து சேர்ந்திருந்தன. வாளிக்காரருக்கு எதையும் மறைத்து வைக்கத் தோன்றவில்லை. மகளுக்கோ தோன்றியது, ஆனால் எதை வைத்து மறைப்பது?

மாப்பிள்ளை அன்று போலவே உட்கார்ந்தான். அன்று போலவே முதுகு பின்னால் போகத் தொடங்கியது.

"சாயாதீங்க," என்றாள் மகள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவன் விழுந்திருப்பான், கை கொடுத்துத் தூக்கியிருக்கலாம், ஏதோ நாற்காலி என்று போயிருக்கும். ஆனால் அவன் விழுவதைப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை. அவன் பாதியில் நின்றான். மெல்ல முன்னால் நகர்ந்து நுனிக்கு வந்தான்.

அவன் அம்மா நாற்காலியைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள். காகிதம் செருகிய பீரோவைப் பார்த்தாள். எழுந்து காலி நாற்காலி ஒன்றைச் சாய்த்து அடியில் பார்த்தாள்.

"அன்னிக்கு இருந்த நாற்காலி எங்க சம்பந்தி?"

"அது வித்துப்போச்சு."

"வித்துப்போச்சா?"

"விக்கிற நாற்காலிம்மா அது. கடைச் சாமான்."

"இது என்ன சிவப்பா?"

கேட்டுவிட்டாள். கேட்டால் மறைக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. தட்டிப் பார்ப்பதிலிருந்து மூலைக்குப் போவதுவரை எல்லாவற்றையும் சொன்னார். கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னார். அவள் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்போ முழுசா இருக்கிறது வெளிய போகும். கழிச்சது வீட்டுல தங்கும்."

"ஆமா."

"எங்க கடையிலயும் கழிக்கிறது உண்டு. காலாவதி ஆனதை அன்னிக்கே பிரிச்சு அனுப்பி அழிச்சிடுவோம். வீட்டுக்குள்ள கொண்டுவர மாட்டோம்." நாற்காலியை நேராக வைத்தாள். "தப்பா நினைக்காதீங்க, கேட்டுடறேன். பொண்ணு இருபத்தொம்பது வருஷமா வீட்டுல இருக்கு. அதுல ஏதாவது இருக்கா?"

கூடத்தில் மின்விசிறி மட்டும் பேய்வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மகள் அப்பாவைப் பார்த்தாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, இந்த ஒரு தடவை, ஒன்றுமில்லை என்று சொல்லிவிடப்பா என்று கண்ணால் கெஞ்சினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கேட்டவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், வாடிக்கையாளர் முகத்தை.

"இடது கையில ஒரு தழும்பு இருக்கு," என்றார். "குக்கர் பட்டது. மத்தபடி முழுசு." கொஞ்சம் யோசித்து, நியாயமான மனிதராகச் சேர்த்துக்கொண்டார். "அதுக்குத் தகுந்த மாதிரி பேசிக்கலாம்."

மகள் எழுந்து சட்டைக் கையை முழங்கைவரை மடித்துக் காட்டினாள். காட்டிவிட்டு, காட்டியது போதுமா என்பதுபோல நின்றாள்.

"தழும்பு ஒண்ணும் பெருசில்லம்மா," என்றாள் அந்த அம்மாள். குரலில் இரக்கம் இருந்தது, அதுதான் தாங்கமுடியவில்லை. "எங்களுக்குத் தழும்பு இல்ல பிரச்சினை. எதுல என்ன கோளாறு இருக்கும்னு தெரியாத வீட்டோட சம்பந்தம் வச்சுக்க எனக்குப் பயமா இருக்கு. எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை."

மாப்பிள்ளை ஏதோ சொல்லப் போனான். அந்த அம்மாள் அவன் தோளில் கை வைத்தாள். அவன் எழுந்தான். எழும்போது நாற்காலி ஆடிவிடாமல் இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக, ஓசைப்படாமல் நிறுத்திவிட்டுப் போனான். வந்து அரைமணிகூட ஆகவில்லை, இந்த வீட்டின் பழக்கம் அவனுக்கும் வந்துவிட்டது. மகளுக்கு அதைப் பார்த்தபோதுதான் அழுகை வந்தது.

அவர்கள் போன பிறகு வாளிக்காரர் வாசல்வரை போய்த் திரும்பிவந்தார்.

"நான் சொன்னதுல பொய் ஏதாவது இருந்துதா பாப்பா?" என்றார்.

"இல்லப்பா."

"பின்ன ஏன் போறாங்க?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. சொன்னாலும் அவருக்குப் புரியும் பாஷையில் அதைச் சொல்லமுடியாது என்பதால் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஒரு வாரம் கழித்து அவர் கடையிலிருந்து வரும்போது கையில் ஒரு பொட்டலம் இருந்தது. அடுப்படியில் வைத்துப் பிரித்தார். அந்த அடுப்புதான். கரியையெல்லாம் தேய்த்து எடுத்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டு, ஒரு பக்கத் தகடு நெளிந்திருந்தது. திருப்புளி திருகுகளைச் சரிசெய்திருந்தார், ஒன்று வேலை செய்தது.

"அம்மா ஆசைப்பட்டுக் கேட்டா," என்றார். "அன்னிக்கு வச்சுக்க முடியாம இருந்துது, விக்கிற சாமான். இப்போ விக்க முடியாது." அடுப்பைத் திருப்பிக் காட்டினார். அடியில் ஈரம் காயாத சிவப்புப் புள்ளி. "இனிமே இது நம்ம வீட்டுதுதான்."

அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. செத்துப்போன மனைவியின் ஆசையை ஒழுங்காக நிறைவேற்றிய திருப்தி. மகள் அடுப்பை வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வது? ராத்திரிச் சமையல் ஆகவேண்டும். தீக்குச்சியைக் கிழித்தாள், இன்னொரு கையைக் கீழே கொண்டுபோனாள்.

மறுநாள் அப்பா வெளியே போயிருந்த நேரம் பார்த்து அவள் கடைக்குப் போனாள். திருப்புளி மட்டும் இருந்தார்.

"என்ன பாப்பா?"

"ஒண்ணுமில்லண்ணே. சும்மா."

நாற்காலிகள் வரிசையாக நின்றன. தேக்கு, கைப்பிடி வைத்தது, அன்று மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த அதே மாதிரி. பெயிண்ட் டப்பா எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாற்காலியைச் சாய்த்து அடியில் ஒரு புள்ளி வைத்தாள். திருப்புளி பார்த்தார், சட்டைப்பையில் இருந்ததை எடுத்துக் காதைக் குடைந்துகொண்டார். அப்புறம் அவரே நாற்காலியைத் தூக்கிவந்து வண்டியில் ஏற்றிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கூடத்தின் நடுவில் போட்டாள். பழைய நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளினாள். உட்கார்ந்தாள். நுனியில். பரவாயில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டு உள்ளே நகர்ந்தாள். காலை நீட்டிப் பார்த்தாள். முதுகைப் பின்னால் விட்டாள். நான்கு விரல் தூரம் இருக்கும்போது முதுகு நின்றுவிட்டது. அவள் நிறுத்தவில்லை. அதுவாக நின்றது. நல்ல நாற்காலி, புது நாற்காலி, தாங்கும் என்று அதனிடம் எடுத்துச் சொன்னாள். கேட்கவில்லை. மறுபடி முயன்றாள். இரண்டு பாதங்களும் தரையை அழுத்திக்கொண்டன.

அப்படியே எவ்வளவு நேரம் இருந்தாளோ, வாளிக்காரர் உள்ளே வந்தார். நாற்காலியைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள்.

"இது எப்படி இங்க வந்துது?"

"சிவப்புப் புள்ளிப்பா."

அவர் நாற்காலியைச் சாய்த்துப் பார்த்தார். புள்ளி இருந்தது. அப்படியானால் குற்றம் இருக்கவேண்டும். வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் மண்டியிட்டார். ஒரு காலைத் தட்டினார், காது வைத்துக் கேட்டார். அடுத்த காலைத் தட்டினார். கைப்பிடி, குறுக்குக் கட்டை, முதுகுப் பலகை. எங்கே தட்டினாலும் முழுசான சத்தம்தான் வந்தது. அவர் நெற்றி சுருங்கியது. முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

"எங்க இருக்கு பாப்பா?" என்றார், நிமிராமலே. "எனக்குக் கேக்கலையே."

மகள் பழைய நாற்காலி ஒன்றின் நுனியில் உட்கார்ந்தாள். அவர் தட்டிக்கொண்டே இருந்தார்.